சொல்லாமல் கட்டிய கிளப்

என் கணவர் அமெரிக்காவில் ரக்பி லீக் கிளப் ஒன்றைக் கட்டுவதற்குப் போயிருந்த மூன்று மாதமும், நியூசிலாந்தில், ஓக்லாந்தில் எங்களைத் தெரிந்த தமிழர்களைப் பொறுத்தவரை அவர் பிரிஸ்பேனில் வேலைப் பயிற்சியில் இருந்தார். பொய்யைச் சமைத்தது அவர். பரிமாறியது நான். சனிக்கிழமைகளில் லின்ஃபீல்ட் பக்கம் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் மகள் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு உதவி செய்கிறாள். நான் வருடக்கணக்காகத் தேநீர் மேசையில் நிற்கிறேன். "அவர் எப்ப வாறார்?" என்று யாராவது கேட்பார்கள். "ட்ரெயினிங் இன்னும் முடியேல்லை" என்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போவார். பொய் சொல்வது இவ்வளவு சுலபமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

ரக்பி லீக் என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் நம் ஆட்களில் பாதிப் பேர் "அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் ஆடுறதுதானே?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அது வேறு ரக்பி, பதினைந்து பேர் ஆடுவது. இது பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனை எதிர்ப்பக்கம் விழுத்தும். விழுந்தவன் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்பவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். ஆறு தடவை விழுத்தப்பட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். கலியாணமாகி நான் இங்கே வந்த புதிதில், என் கணவர் உப்புப் போத்தலையும் மிளகுத்தூள் போத்தலையும் சாப்பாட்டு மேசையில் ஓடவிட்டு இதை எனக்கு விளக்கினார். வேறு எதையும் அவர் எனக்கு அவ்வளவு பொறுமையாக விளக்கியதில்லை.

அவர் சிறுவனாக இருந்தபோது தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். கிளென் ஈடனில் குடியிருந்தார்கள், இன்றும் நாங்கள் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் சமோவாப் பையன்களுக்கு நடுவில் இவர் ஒரு ஒல்லித் தமிழன். அவர்கள் பகிடி பண்ணவில்லை, கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இங்கிலீஷ் வாய்க்கு வருவதற்கு முன்பே லீக் காலுக்கு வந்துவிட்டது என்று அவர் சொல்வார். இருபது வயதில் முழங்கால் போனதோடு விளையாட்டு முடிந்தது. கிளப் முடியவில்லை. மேனேஜர் ஆனார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கிளப்பில் மேனேஜர் என்றால் தண்ணீர்ப் போத்தல் நிரப்புகிறவர், கணுக்காலுக்குப் பிளாஸ்டர் சுற்றிவிடுகிறவர், வராத பையனின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுகிறவர், ஆட்டம் முடிந்ததும் சேறு பிடித்த ஜேர்சி மூட்டையைக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுக்கிறவர். எங்கள் கொடியில் என் உடுப்புகள் காய்ந்ததைவிட ஜேர்சிகள் காய்ந்ததுதான் அதிகம். வார நாட்களில் மனுகாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் லொறிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற வேலை. அங்கே அவருக்கு மேலே எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவர் அதே கதிரையில் இருந்தார்.

அந்தச் சமோவாப் பையன்களில் ஒருவர் இப்போது சிகாகோவில் லொறி ஓட்டுகிறார். போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு அவர் வீடியோவில் வந்தார். இங்கே ஒரு லீக் கிளப் தொடங்கப்போகிறேன், விளையாட்டை நான் சொல்லிக்கொடுப்பேன், ஆனால் கிளப்பை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும், உன்னைவிட எனக்கு யாரைத் தெரியும் என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த அன்று என் கணவரின் முகம் எப்படி இருந்ததோ, அன்றும் அப்படி இருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் ஒளிக்கவும் இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். நான் முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். அங்கே என்னைத் தேடுகிற சீவன்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா என்றதும் எனக்கு முதலில் துவக்குத்தான், அந்தத் துப்பாக்கிச் சூடுகள்தான் ஞாபகம் வருகிறது. ஒரு யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்கள் வலியப் போய் அங்கே குடியேறுவதா என்று கேட்டேன். மூன்று மாதம் போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் அவர் சொன்னார். கம்பெனியில் சம்பளமில்லாத விடுமுறை கேட்டார், கொடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே சில நகரங்கள் சேர்ந்து நடத்துகிற போட்டி ஒன்று இருந்தது. புதுக் கிளப்பை அதில் சேர்த்துக்கொண்டால் அவருக்கு முறையான வேலை, விசா, பிறகு எங்களுக்கும் விசா. சேர்க்காவிட்டால் திரும்பி வந்து மனுகாவில் அதே கதிரை. எல்லாம் அந்த ஒன்றில் தங்கியிருந்தது.

"இஞ்சை, நீர் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்," என்றார். "விசா கைக்கு வரட்டும். பிறகு சொல்லுவம்."

"கிளப் கட்டப் போற மனுசன் ஒளிச்சுக்கொண்டு போறதோ? கிளப் எண்டாலே நாலு பேருக்குச் சொல்லுறதுதானே?"

"அங்க சொல்லுவன். இஞ்ச வேண்டாம்."

இது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவர்கள் குடும்பத்து வழக்கம் என்று நான் சொல்வது கோபத்தில். உண்மையில் எங்கள் எல்லோருடைய வழக்கமும்தான். பெண் பார்த்தால் சொல்லமாட்டோம், வீடு வாங்கினால் சாவி கைக்கு வரும்வரை சொல்லமாட்டோம், வெளிநாடு போகிறவன் போய் இறங்கிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியும். கண் படும் என்பது ஒரு காரணம். மொட்டைப் பெட்டிசன் என்பது இன்னொன்று. என் கணவரின் அக்காவுக்குக் கனடா சரிவந்த நேரத்தில் யாரோ தூதரகத்துக்குப் பெட்டிசன் போட்டுக் கெடுத்துவிட்டார்களாம். எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆள்மேல் சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகங்களோடு வளர்ந்தவரிடம் என்ன சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், தமிழர் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். கிளப் மண்டபத்தில் அவருக்குப் பிரியாவிடை வைத்தார்கள். கோழி, சேமியாப் பிரட்டல், அவித்த கிழங்கு, நான் செய்துகொண்டுபோன மட்டன் ரோல்ஸ். தலைவர் மைக்கைப் பிடித்து, நம்முடைய ஆள் அமெரிக்காவுக்கு லீக் கொண்டுபோகிறான் என்று கத்தினார். வயதான மாவோரி மனிதர் ஒருவர் எழுந்து நின்று அவருக்காகப் பிரார்த்தனை சொன்னார். பெண்கள் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். என் கணவரோ படம் எடுக்கிறவர்கள் பின்னால் ஓடி ஓடி, தயவுசெய்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு விளங்கவில்லை. ஏதோ அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் விமான நிலையத்தில் நானும் மகளும் மட்டும் நின்றோம்.

எங்கள் காலை அவருக்கு முதல்நாள் பின்னேரம். நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் அழைப்பார். ஆரம்பத்தில் அவர் சொன்ன கதைகளைக் கேட்டால் இவர் என் கணவர்தானா என்று இருக்கும். நிலத்தைப் பார்த்து நடக்கிற மனிதர், சிகாகோ தெருவில் தடித்த கழுத்தோடு யார் போனாலும் நிறுத்தி, ரக்பி லீக் விளையாட வருகிறாயா என்று கேட்டாராம். டோங்காக்காரரின் தேவாலய வாசலில் நின்றார். கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போனார். ஒரு பிளம்பரைப் பிடித்தார், மதுக்கடை வாசலில் நின்ற காவலாளியைப் பிடித்தார், ஊர் ஞாபகத்தில் வாடிப்போயிருந்த ஒரு இங்கிலாந்துக்காரரைப் பிடித்தார். அதிகம் பேர் அமெரிக்க ஃபுட்போல் ஆடிக் கைவிட்ட பெரிய பையன்கள். அவர்களோடுதான் பாடு. விழுத்தினால் அப்படியே கிடந்து விசிலுக்குக் காத்திருப்பார்களாம். அவர்கள் விளையாட்டில் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். லீக்கில் விழுந்தால்தான் வேலையே தொடங்குகிறது. "விழுந்தால் எழும்பு, எழும்பினால் உருட்டு எண்டு காலமையிலயிருந்து கத்தி எனக்குத் தொண்டை போச்சு" என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஒருநாள் ஜேர்சிகள் வந்தன. முதல் பயிற்சி ஆட்டம் மழையில் நடந்தது. அன்று அவர் அழைத்து, "இந்தச் சேறு எப்பிடியப்பா போறது?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் குளியல் தொட்டி நிறைய பச்சை ஜேர்சி.

"சுடுதண்ணியில போட்டிடாதேங்கோ. குளிர்தண்ணியில ஊற விடுங்கோ முதல்."

"இத்தனை வருசம் நீர் இதையோ செய்தனீர்?" என்றார்.

அன்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் சந்தோசமாக இருந்தது. எனக்கும் அந்தக் கிளப் வேண்டும்போல் இருந்தது. துவக்கும் குளிரும் அப்படியேதான் இருந்தன, இருந்தாலும் வேண்டும்போல் இருந்தது.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு தேநீர் போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இளையவள், அவளும் யாழ்ப்பாணம். ஒரே தொட்டியில் இரண்டு பேரும் கோப்பை கழுவுவோம். எனக்கு இந்த ஊரில் சிநேகிதி என்று சொல்ல அவள்தான். ஒருநாள் பனியைப் பற்றிப் பேச்சு வந்தது. ரொறன்ரோவில் இருக்கிற அவளுடைய அண்ணா ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாராம். "இன்னும் பனி விட்டபாடில்லையாம் அக்கா. வாசல் முழுக்க அவர்தான் தள்ளோணும், பாவம்" என்றாள். நான் வாய் தவறி, "ஓம், அங்க சரியான குளிர்தான்" என்றேன். "எங்க, பிரிஸ்பேனிலயோ?" என்று கேட்டாள். "ச்சே, நான் கனடாவைச் சொன்னன்" என்று சமாளித்தேன். அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டு வேறு கதைக்குப் போனாள்.

சித்திரை நடுவில் இடி விழுந்தது. மைதானம் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு கல்லூரி கையை விரித்துவிட்டது. போட்டி நடத்துகிறவர்கள் ஒன்றில் கண்டிப்பாக இருந்தார்கள்: வைகாசி முடிவதற்குள் சொந்த மைதானம் என்று ஒன்றைக் காட்டாத கிளப்புக்கு இடமில்லை. ஆட்கள் இருந்தார்கள், ஜேர்சி இருந்தது, பயிற்சியாளர் இருந்தார். நிற்பதற்கு நிலம் இல்லை. அவ்வளவு பெரிய நகரத்தில் மைதானத்துக்கா பஞ்சம் என்று நான் கேட்டேன். நகரத்துப் பூங்காக்களில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எப்போதோ கொடுத்து முடிந்துவிட்டதாம். பள்ளிக்கூடங்களில் இருப்பவை அமெரிக்க ஃபுட்போல் மைதானங்கள், லீக்குக்கு அகலம் போதாது. அவர் பஸ் ஏறி நகரம் முழுக்க அலைந்தார். வேலிக்கு வெளியே நின்று கண்ணாலேயே அகலம் அளப்பார். பேச்சில் பகிடி குறைந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பதிலுக்கு மைதானக் கதை சொல்வார்.

ஒரு மைதானத்தில் அவருக்கு உயிர் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானது. பேஸ்போலும் ஃபுட்போலும் பக்கத்தில் பக்கத்தில் ஆடுவதற்காக அகலமாக விட்டிருந்தார்களாம். பின்னால் தூண்களின்மேல் ரயில் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காக்கை குருவிகூட இல்லை. பள்ளிக்கூட ஒபிசுக்கு அழைத்தால் பதிவு செய்த குரல்தான் பேசியது. தகவல் விட்டார், பதில் இல்லை. வாசலில் போய் நின்றார், அங்கே பள்ளிக்கூட நாளிலும் கதவைப் பூட்டித்தான் வைத்திருப்பார்களாம், முன்பின் தெரியாதவரை உள்ளே விடமாட்டார்களாம். உள்ளே இருக்கிற ஒருவரைத் தெரிந்தால் போதும், கதவு திறக்கும் என்று புலம்பினார். பிறகு ஒரு காலையில் சிரித்துக்கொண்டு அழைத்தார். கனநாளுக்குப் பிறகு அவர் சிரித்ததால் எனக்கு நல்ல ஞாபகம்.

"இண்டைக்கு எங்கட ஆள் ஒருத்தரைக் கண்டனான்."

"எங்க?"

"அந்தக் கிரவுண்டிலதான். புல்லு வெட்டுற மெஷினில இருந்தவர். பார்த்த உடனே தெரியும், யாழ்ப்பாணம்தான். நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, ரெண்டு பேரும் அங்கால இங்கால திரும்பியிட்டம்."

நானும் சிரித்தேன். அந்தத் திரும்புதல் எனக்குத் தெரியாதா? சூப்பர் மார்க்கெட்டில் எதிரே ஒரு தமிழ் முகம் வந்தால் உடனே பருப்பு விலையைக் குனிந்து பார்ப்போமே, அதுதான். சிரித்து முடிந்த பிறகு, "ஏன், கதைச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கதைச்சால் எந்த ஊர், எங்க இருக்கிறீர், என்ன அலுவலாய் வந்தனீர் எண்டு தொடங்கும். பின்னேரம் உம்மட டீ மேசைக்குச் செய்தி வந்து சேந்திடும்."

அது சரிதான் என்று அப்போது எனக்கும் பட்டது.

வைகாசி பாதி போயிருந்தது. மகளுக்கு அப்பாவின் முகம் வீடியோவில் சுருங்கிக்கொண்டு போவது பொறுக்கவில்லை. உலகத்தில் எல்லா ஊரிலும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படிப்பிக்கிறீர்களே, அவர்களிடம் கேட்டால் என்ன என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். அவள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் கேட்பாள். நான் அவருக்கு அழைத்தேன்.

"நான் இஞ்ச ஒராளுக்குச் சொல்லட்டோ? என்னோட தேத்தண்ணி போடுற பிள்ளைக்கு மட்டும். எங்கட ஆக்களுக்கு ஆரையாவது தெரிஞ்சிருக்கும்."

"உமக்கென்ன விசரே? இவ்வளவு நாள் காத்துப்போட்டு இப்ப சொல்லிக் கெடுக்கப் போறீரோ?"

"கெடுறதுக்கு இனி என்ன கிடக்கு? கிரவுண்டே இல்லை!"

"ரெண்டு கிழமை இருக்கு. நீர் பேசாமல் இரும்."

எனக்கு வந்த கோபத்தில் போனை மேசையில் குப்புற வைத்தேன். அவர் அங்கே கத்திக்கொண்டிருந்தது கேட்டது. இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை கோப்பை கழுவும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அன்றைக்கென்று சிநேகிதியின் முகம் வெளிறிப்போய் இருந்தது. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நித்திரை இல்லை என்றாள். அவள் போன் அடித்ததும் ஈரக் கையோடு வெளியே ஓடினாள். திரும்பி வந்து, அண்ணாதான், ரொறன்ரோவில் மழையாம் என்றாள். அழுதிருந்தாள். மழைக்கு யார் அழுவார்கள்? நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் கேட்பாளே என்று பயம். எனக்கு வாய்வரை வந்த கதையை விழுங்கிவிட்டுக் கோப்பைகளை அடுக்கினேன்.

வைகாசி முடிந்தது. வேறு ஒரு நகரத்தின் கிளப்பைப் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். பையன்கள் இரண்டு ஞாயிறு வந்து பார்த்துவிட்டு வராமல் விட்டார்கள். என் கணவர் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்தபோது உடுப்புக்கு மேல் அந்தப் பச்சை ஜேர்சி ஒன்று இருந்தது, தோய்த்து மடித்து. சேறு முழுக்கப் போயிருந்தது. அதை அவர் அலுமாரிக்கு அடியில் வைத்தார். திங்கட்கிழமை மனுகாவுக்கு வேலைக்குப் போனார். இந்த ஊர்க் கிளப்புக்குப் போகவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும் அல்லவா, என்ன ஆனது என்று கேட்பார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பயிற்சி எப்படி என்று கேட்டார்கள், நல்லாய்ப் போனது என்றார். நல்ல வேளை ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்று காரில் வரும்போது என்னிடம் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு காலை, நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். மணி அடித்தது. சிநேகிதி, கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா. டப்பா நிறையக் கேசரி, முந்திரிப்பருப்பு தாராளமாகப் போட்டிருந்தாள். முகம் பூரித்துப்போய் இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, இனிச் சொல்லலாம். அண்ணாவுக்குப் பேப்பர் சரிவந்திட்டுது! நாலு வருசமாய் அகதி வழக்கு. வைகாசியில ஒருக்கால் மறுத்தவங்கள், நான் செத்தே போனன். இப்ப எல்லாம் முடிஞ்சுது."

"கனடாவில இவ்வளவு இழுப்பாங்களோ?" என்று நான் கேட்டேன்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. அவர் கனடாவில இல்லை. பேப்பர் வரும்வரைக்கும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருந்தனாங்கள். உங்களுக்குத் தெரியும்தானே எங்கட ஆக்களை." அவள் குரலைத் தாழ்த்தினாள், இனித் தாழ்த்தத் தேவையில்லாவிட்டாலும். "அமெரிக்கா. சிகாகோ."

என் கணவர் கேசரியை வாய்க்குக் கொண்டுபோனவர் கரண்டியைக் கீழே வைத்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

அவள் கவனிக்கவில்லை. போனில் ஒரு படத்தைத் திறந்து நீட்டினாள். பெரிய பச்சைப் புல்வெளி, புல் வெட்டுகிற மெஷின்மேல் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு மனிதர், பின்னால் தூண்களுக்குமேல் ரயில். நான் வாங்கிப் பார்க்குமுன் என் கணவர் வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். தொப்பியை, முகத்தை, ரயிலை. பிறகு மறுபடி முகத்தை.

"பிரின்சிபலுக்கு அண்ணா எண்டால் உயிர்," என்று அவள் சொல்லிக்கொண்டு போனாள். "வக்கீலைப் பிடிச்சுக் குடுத்ததே அவர்தான். நல்ல மனுசன். ஞாயிற்றுக்கிழமையில கிரவுண்ட் சும்மா கிடக்குது, ஆராவது விளையாடக் கேட்டால் கூட்டிக்கொண்டு வா எண்டு சித்திரையில இருந்தே அண்ணாட்டைச் சொன்னவராம். அண்ணா ஆரைக் கூட்டிக்கொண்டு போறது? அவர்தான் பயத்தில ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லையே. இப்ப ஆரோ தட்டு எறிஞ்சு பிடிச்சு விளையாடுற ஆக்கள் வருகினமாம்."

அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். கனடா என்று பொய் சொன்னதற்குத்தான் கோபம் என்று நினைத்திருப்பாள், அவள் முகம் சுண்டிப்போனது. நான் எல்லாவற்றையும் சொல்வதற்கு வாயெடுத்தேன். என் கணவர் முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, உங்கட அண்ணாவை நான் கண்டனான்."

பிறகு அவரே சொன்னார். பிரிஸ்பேன் பொய் என்பதிலிருந்து, தட்டு எறிகிறவர்கள் ஓடுகிற அந்த மண்ணில் தான் ஆடவிடப் பார்த்த பையன்கள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். தமிழர் ஒருவரிடம் அவர் அந்தக் கிளப்பைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. சிநேகிதி அழுதாள். கோபப்பட யாருக்கும் உரிமை இருக்கவில்லை, அதனால் எல்லோருக்கும் கோபமாக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாவுக்கு வீடியோவில் அழைத்தாள். அங்கே சனி பின்னேரம். சிவப்புத் தொப்பியோடு அவர் வந்தார், தங்கையைப் பார்த்துச் சிரித்தார். அவள் போனை என் கணவரின் பக்கம் திருப்பினாள். சிரிப்பு நின்றது. முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

"வேலிக்கு வெளியால நிண்ட ஆள்," என்றார்.

"ஓம், அண்ணை."

"நான் இமிகிரேசன் ஆளாக்கும் எண்டு நினைச்சன், தம்பி. அதுதான் மெஷினைத் திருப்பிக்கொண்டு அங்கால போனனான்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "எங்கட முகமாயும் கிடந்தது. எண்டாலும் எனக்குப் பயம். நீங்கள் தமிழோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

சிகாகோவில் தடித்த கழுத்தோடு போன ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்ட மனிதர், அவள் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

"நீங்கள் தமிழ் எண்டு தெரிஞ்சுதான் கேக்கேல்லை, அண்ணை," என்றார்.